வேன் ஏற்றத்தில் சூடேறுகிறது: ஆர்தர்ஸ் பாஸ் மலைக்கணவாய் வழியாகச் செல்லலாமா?

அன்பர்களுக்கு வணக்கம். நியூசிலாந்தின் தென் தீவில் முதன்முறையாகப் பயணம் செய்யும் நான், மூன்று வாரங்களுக்கு முன் கிறைஸ்ட்சர்ச்சில் வாங்கிய பழைய வேன் மலை ஏற்றங்களில் சூடேறிவிடுவதால், இரண்டு நாள்களாக மேற்குக் கரையிலுள்ள ஹோகிடிகாவில் தங்கியிருக்கிறேன். வண்டி 2004-ஆம் ஆண்டு டொயோட்டா எஸ்டிமா, 2.4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 2,60,000 கி.மீ. ஓடியது.

ஐந்து நாள்களுக்கு முன், ஹாஸ்ட்டுக்கு வடக்கே, டாஸ்மன் கடலின் பாறைத்திட்டுகள் அலைநுரையில் தெரியும் நைட்ஸ் பாயின்ட் ஏற்றத்தில் வெப்ப முள் முதலில் சிவப்பைத் தொட்டது. அவ்வளவு அழகான இடத்தில் என் கண் முழுவதும் அந்த முள்ளின் மீதே இருந்தது. பிறகு ஃபாக்ஸ், ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறுகளுக்கு இடையிலான வளைவுகளிலும் அதுவே நிகழ்ந்தது. சமதளத்தில் குறையே இல்லை; ஹீட்டரை முழுமையாக வைத்தால் முள் சற்று இறங்குகிறது.

தெர்மோஸ்டாட்டையும் ரேடியேட்டர் மூடியையும் மாற்றிவிட்டேன். விசிறி சுழல்கிறது, வெண்புகை இல்லை, ஆயிலில் நீர் கலக்கவில்லை. ஆனாலும் நூறு கிலோமீட்டருக்கு அரை லிட்டர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்) குறைகிறது, கசிவோ கண்ணுக்குத் தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமைக்குள் நான் மலைத்தொடருக்குக் கிழக்கே உள்ள கிறைஸ்ட்சர்ச் சேர வேண்டும். 920 மீட்டர் உயரமுள்ள ஆர்தர்ஸ் பாஸின் செங்குத்தான ஒடீரா ஏற்றத்தைத் தவிர்த்து, சரிவு குறைந்த லூயிஸ் பாஸ் வழியாக மெதுவாக ஓட்டிச் செல்வது பாதுகாப்பானதா, அல்லது அருகிலுள்ள கிரேமவுத்திலேயே, இன்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கட்டைச் சோதித்த பிறகுதான் புறப்பட வேண்டுமா?