போர்டுக்கு ஒரு ஃபோல்டரா? டிரைவர் கோடை எப்படிப் பிரிப்பது

கடைமடைக்காரன்:

வணக்கம். முத்துப்பேட்டைப் பக்கம் எங்கள் வாய்க்கால் தலைப்பில் ஒரு பெட்டி வைத்திருக்கிறேன். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. நடுராத்திரியில் வரும், விடிவதற்குள் மேலே யாராவது மடையை அடைத்திருப்பார்கள். அதனால் வாய்க்கால் மட்டம், போர் மோட்டாருக்கு மூன்று ஃபேஸும் வருகிறதா, எவ்வளவு இறைத்திருக்கிறது, இதையெல்லாம் ஃபோனுக்கு அனுப்பும் பெட்டி. மோட்டாரை ஃபோனிலிருந்தே போடவும் அணைக்கவும் செய்யலாம்.

உள்ளே ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினி, லினக்ஸில் ஓடுகிறது. 4-20 மில்லிஆம்ப் லெவல் சென்சார் (2 மீட்டர் ரேஞ்ச், மட்டம் ஏற ஏற மின்னோட்டம் 4-லிருந்து 20 வரை ஏறும்) ஏடிஎஸ்1115 என்ற ஏடிசி (வோல்ட்டை எண்ணாக்கும் சிப்) வழியாக வருகிறது. ரிலேக்கும் ஃபேஸ் பார்ப்பதற்கும் எம்சிபி23017, கூடுதல் பின் தரும் சிப். நேரத்துக்கு டிஎஸ்3231 கடிகாரச் சிப் (ஆர்டிசி). ஃப்ளோ மீட்டர் பல்ஸ் நேராக பை-யின் ஒரு ஜிபிஐஓ (பொது உள்ளீடு/வெளியீடு) பின்னுக்கு வருகிறது. எல்லாவற்றையும் லினக்ஸ் கெர்னலின் (வன்பொருளை நேரடியாக ஆளும் மையப் பகுதி) 'டிரைவர்ஸ்/மிஸ்க்' ஃபோல்டரில் வாய்க்கால்.சி என்ற ஒரே டிரைவர் ஃபைலில் எழுதி, ஒரு ஐஆக்டில் (வெளி நிரல் டிரைவரிடம் வேலை சொல்லும் அழைப்பு) கொடுத்து வேலை வாங்குகிறேன். நன்றாகவே ஓடுகிறது.

இப்போது இரண்டாவது போர்டு வருகிறது, அதில் எம்சிபி3208 ஏடிசி-யும் எம்சிபி23எஸ்17-ம் எஸ்பிஐ-யில் (முதல் போர்டில் ஐ2சி; இரண்டும் சிப்பைப் பை-யோடு இணைக்கும் பஸ்). மூன்றாவது போர்டில் சின்ன மைக்ரோகண்ட்ரோலர் ஒன்று. ஏடிசி, நான்கு ரிலே, பல்ஸ் எண்ணிக்கை மூன்றையும் ஒரே ஐ2சி முகவரியில் தருகிறது. ஃபைல் முழுக்க 'இந்தப் போர்டு என்றால் இந்தக் கோடு' என்ற இஃப்டெஃப் ஆகிவிட்டது. 'டிரைவர்ஸ்/வாய்க்கால்' என்று ஒரு ஃபோல்டர் போட்டு, போர்டு1.சி, போர்டு2.சி, போர்டு3.சி என்று பிரிக்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

கோரையாறு:

வேண்டாம் தம்பி. பெட்டி உங்களுடையது, சிப் உங்களுடையது இல்லை. கெர்னலில் ஃபோல்டர் பிரித்திருப்பது அந்தச் சாதனம் என்ன வேலை செய்கிறது என்பதை வைத்து. எந்தப் பெட்டிக்குள் இருக்கிறது என்று கெர்னல் கேட்பதே இல்லை.

போர்டுக்குப் போர்டு ஃபைல் என்பதை ஏஆர்எம் (பை-யில் இருக்கும் புராசசர் வகை) பக்கம் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். 'ஆர்ச்/ஆர்ம்' ஃபோல்டரில் எந்த நிறுவனம் சிப் செய்தாலும் ஒரு 'மாக்' ஃபோல்டர், அதற்குள் ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு சி ஃபைல், பாதிக்குப் பாதி நகல். 2011-ல் லினக்ஸை உருவாக்கிய டோர்வால்ட்ஸ் வெளிப்படையாகவே கடிந்துகொண்டார். அதற்குப் பிறகுதான் ஏஆர்எம் பக்கம் டிவைஸ் ட்ரீ வேகமாகப் பரவியது. எந்தச் சிப் எந்த பஸ்ஸில், எந்த முகவரியில், எந்தப் பின்னில் என்பது அங்கே போகும். உங்கள் போர்டு1, போர்டு2 இரண்டுக்கும் தேவை ஆளுக்கொரு டிவைஸ் ட்ரீ ஓவர்லே (அதன் மேல் சேர்க்கும் சின்னக் குறிப்பு ஃபைல்). சி ஃபைல் தேவையே இல்லை.

ஏனென்றால் நீங்கள் சொன்ன சிப் எல்லாவற்றுக்கும் கெர்னலில் டிரைவர் இருக்கிறது. ஏடிஎஸ்1115-க்கு 'டிரைவர்ஸ்/ஐஐஓ/ஏடிசி' (ஐஐஓ என்பது சென்சார், ஏடிசி வகையறா) உள்ளே டிஐ-ஏடிஎஸ்1015.சி. எம்சிபி3208-க்கு அதே ஃபோல்டரில் எம்சிபி320எக்ஸ்.சி. டிஎஸ்3231-க்கு 'டிரைவர்ஸ்/ஆர்டிசி'யில் ஆர்டிசி-டிஎஸ்1307.சி, பெயரைப் பார்த்து இது வேறு என்று ஒதுக்கிவிடாதீர்கள், டிஎஸ்3231-ஐயும் அதுதான் பார்க்கிறது. பல்ஸுக்கு 'டிரைவர்ஸ்/கவுண்டர்' போய் இன்டரப்ட்-சிஎன்டி.சி பாருங்கள். மில்லிஆம்ப் கணக்கைக்கூட நீங்கள் எழுத வேண்டாம். 'ஐஐஓ/ஏஎஃப்இ'யில் ஐஐஓ-ரீஸ்கேல் என்று ஒன்று, ஷண்ட் ரெசிஸ்டர் (சென்சாரின் மின்னோட்டத்தை வோல்ட் ஆக்கும் ரெசிஸ்டர்) மதிப்பைச் சொன்னால் வோல்ட்டை மில்லிஆம்ப் ஆக்கிக் கொடுக்கும்.

எம்சிபி23017 கதையை உட்கார்ந்து படியுங்கள், உங்கள் கேள்விக்குப் பதில் அதில் இருக்கிறது. முதலில் 'டிரைவர்ஸ்/ஜிபிஐஓ'வில் இருந்தது. உள்ளே புல்-அப் (பின்னை மேல்நிலையில் இழுத்துப் பிடிக்கும் ரெசிஸ்டர்) வைக்கும் வேலையும் இருப்பதால் 'பின்கண்ட்ரோல்' ஃபோல்டருக்கு மாற்றினார்கள். அப்புறம் ஒரே ஃபைலாக இருந்ததை மூன்றாகப் பிரித்தார்கள்: பின்கண்ட்ரோல்-எம்சிபி23எஸ்08.சி பொது வேலைக்கு, _ஐ2சி.சி ஒன்று, _எஸ்பிஐ.சி ஒன்று. ரெஜிஸ்டர் படிப்பதும் எழுதுவதும் ரெக்மேப் என்ற பொது அடுக்கு வழியாக நடப்பதால், பொது ஃபைலுக்குக் கீழே எந்த பஸ் ஓடுகிறது என்பது தெரியவே வேண்டாம். பிஎம்பி280 அழுத்த சென்சாரும் இதே மாதிரி, கோர், ஐ2சி, எஸ்பிஐ. நீங்கள் இஃப்டெஃப் போட்டுச் செய்ததை அவர்கள் ஃபைல் பிரித்துச் செய்திருக்கிறார்கள்.

மூன்றாவது போர்டுதான் உண்மையான வேலை. ஒரே முகவரி, உள்ளே மூன்று வேலை. இதற்கென்றே 'டிரைவர்ஸ்/எம்எஃப்டி' (பல வேலைச் சாதனம்) இருக்கிறது. அங்கே தாய் டிரைவர் ஒன்று: ஐ2சி-யைப் பிடித்து, ரெக்மேப் உருவாக்கி, பிள்ளைச் சாதனங்களைப் பதிவு செய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பிள்ளைகள் அவரவர் இடத்தில்: ஏடிசி பகுதி 'ஐஐஓ/ஏடிசி'யில், ரிலே 'ஜிபிஐஓ'வில், பல்ஸ் 'கவுண்டர்'இல். மூன்றுக்கும் பொதுவான ரெஜிஸ்டர் எண்கள் 'இன்க்ளூட்/லினக்ஸ்/எம்எஃப்டி'யில் ஒரு ஹெட்டர். சிக்கல் இல்லாத சிப் என்றால் தாய்கூட எழுத வேண்டாம், சிம்பிள்-எம்எஃப்டி-ஐ2சி.சி-யில் உங்கள் கம்பாட்டிபிள் பெயரை (டிவைஸ் ட்ரீயில் சிப்பை அடையாளம் காட்டும் பெயர்) சேர்த்தால் போதும்.

'மிஸ்க்' ஃபோல்டர் எங்கும் சேராததற்கு. உங்கள் சாதனம் ஏதும் அங்கே சேராது. கடைசியாக ஒன்று: தண்ணீர் வந்துவிட்டதா, மோட்டாரை நிறுத்தலாமா என்ற முடிவு ஏதாவது அந்த வாய்க்கால்.சி-க்குள் இருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள். அது பைத்தான் ஸ்கிரிப்ட்டின் வேலை. கெர்னலுக்குள் ஒரு தவறான பாயின்டர் இருந்தால் மொத்தப் பெட்டியும் நின்றுவிடலாம், நின்றால் ரிலே எந்த நிலையில் இருந்ததோ அப்படியே மாட்டிக்கொள்ளும், மோட்டார் காற்றை இறைத்துக்கொண்டிருக்கும்.

குடமுருட்டி:

கோரையாறு அண்ணன் சொல்வது கெர்னலுக்குள் சேர்க்கப்போகிறவருக்கு. இவர் போர்டு3-ஐ வைத்து என்ன செய்யப் போகிறார்? நாலு பெட்டி. அதற்கு எம்எஃப்டி, கவுண்டர் என்று ஆளுக்கொரு இடத்தில் பிரித்து வைத்தால் கெர்னல் அப்டேட் வரும்போது யார் தேடுவது? போர்டு3 டிரைவரைத் தனி ரெப்போவில், ஒரே ஃபோல்டரில் வைத்து, ஒரு கேபில்ட் ஃபைல் (எதைக் கம்பைல் செய்வது என்ற குறிப்பு), டிகேஎம்எஸ் (கெர்னல் மாறும்போது டிரைவரைத் தானாக மறுபடி கம்பைல் செய்யும் கருவி) என்று முடியுங்கள். ஃபோல்டர் ஒன்றாக இருக்கலாம், ஃபைல் மட்டும் தாய், பிள்ளை என்று தனித்தனியாக இருக்கட்டும்.

ஆனால் தனியாக வைத்தால் பராமரிப்பு உங்கள் தலையில். கெர்னலுக்குள் இருக்கும் ஏபிஐ (டிரைவரும் கெர்னலும் பேசிக்கொள்ளும் ஃபங்ஷன்கள்) நிலையாக இருக்காது. ஐ2சி டிரைவரின் ரிமூவ் ஃபங்ஷன் கெர்னல் 6.1-ல் வாய்ட் (எதையும் திருப்பித் தராதது) ஆனது. கிளாஸ்_கிரியேட் 6.4-ல் ஒரு ஆர்க்யூமென்ட்டை இழந்தது. கெர்னலுக்குள் இருக்கும் டிரைவர் என்றால் மாற்றுகிறவரே உங்கள் ஃபைலையும் திருத்திவிடுவார்.

கோரையாறு:

ஒத்துக்கொள்கிறேன், தனி ரெப்போ தப்பில்லை. ஃபைல் மட்டும் இப்போதே பிரிந்திருந்தால் நாளைக்கு உள்ளே அனுப்புவது சுலபம். உள்ளே அனுப்பும்போது ஏடிசி பிள்ளையை ஐஐஓ பராமரிப்பாளரும், ரிலே பிள்ளையை ஜிபிஐஓ பராமரிப்பாளரும் பார்ப்பார்கள். ஃபோல்டர் பிரிப்பில் பாதி அந்தக் காரணத்துக்குத்தான்: யார் படித்துப் பார்ப்பார்கள் என்பது.

கடைமடைக்காரன்:

இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி. போர்டு1-க்கு ஓவர்லே எழுதி வாய்க்கால்.சி-யைக் கழற்றிவிட்டேன். ஆர்டிசி, ரிலே, பல்ஸ் எல்லாம் வந்துவிட்டது. மட்டம் மட்டும் ஒரு கோளாறு. வாய்க்காலில் தண்ணீர் 1.2 மீட்டருக்கு மேல் ஏறினால் எண் அசையாமல் நிற்கிறது. பழைய டிரைவரில் இப்படி இல்லை. ஷண்ட் 150 ஓம்.

கோரையாறு:

டிவைஸ் ட்ரீயில் ஏடிஎஸ்1115 சேனலுக்கு 'டிஐ,கெய்ன்' (எத்தனை வோல்ட் வரை படிப்பது என்ற அமைப்பு) எழுதவில்லை, சரியா? எழுதாவிட்டால் டிரைவர் 2-ஐ எடுத்துக்கொள்ளும், அதாவது 2.048 வோல்ட் வரைதான். 150 ஓமில் அது கிட்டத்தட்ட 13.65 மில்லிஆம்ப். 4-ஐக் கழித்து, 16-ஆல் வகுத்து, 2 மீட்டரால் பெருக்குங்கள், 1.2 வரும். பழைய கோடில் கெய்னை நீங்களே ரெஜிஸ்டரில் எழுதியிருப்பீர்கள். 1 என்று போடுங்கள், 4.096 வோல்ட் வரை படிக்கும். 20 மில்லிஆம்ப்புக்கு 3 வோல்ட்தான், தாங்கும். ஷண்ட் மதிப்பு மைக்ரோ ஓமில் கேட்கும், 150000000.