பழைய பேஸ் கிட்டார்களின் வரலாற்று நூல்: படத்தின் கீழே எந்த ஆண்டைப் போடுவது?

நாற்கம்பி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பதினொரு ஆண்டுகளாகப் பழைய மின் பேஸ் கிட்டார்களைத் தேடிப் பார்த்துக் குறிப்பெடுத்து வருகிறேன். நியூஜெர்சியில் வசிப்பதால், 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட பிரிசிஷன் பேஸ் தொடங்கி, அவருடைய நிறுவனம் 1965 ஜனவரியில் 1.3 கோடி டாலருக்கு சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனத்திடம் கைமாறியதற்குப் பிந்தைய சில ஆண்டுகள் வரை உருவான கருவிகள் பலவற்றை, உரிமையாளர்களின் வீட்டுக்கே சென்று கழற்றிப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. இக்குறிப்புகளைத் தமிழில் நூலாக்கி, பதிப்பகம் எதையும் நாடாமல் என் செலவிலேயே கொண்டுவர எண்ணியிருக்கிறேன்.

எழுதி முடித்த பகுதிகளைத் திருப்பிப் படிக்கும்போது ஆண்டுகள்தாம் என்னைத் தூங்கவிடாமல் செய்கின்றன. ஓர் உதாரணம் சொல்கிறேன். நண்பர் ஒருவரிடம் உள்ள, ஃபெண்டரின் மற்றொரு வகையான ஜாஸ் பேஸின் கழுத்தைக் கழற்றியபோது, அதன் அடிப்பகுதியில் ‘7 மார் 68 பி’ என்று ஆங்கிலத்தில் மை முத்திரை இருந்தது. அதே கருவியில், ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பொட்டென்ஷியோமீட்டரின் முதுகில் 1376633 என்ற எண் பொறிக்கப்பட்டிருந்தது. அதை 1966ஆம் ஆண்டுக் கருவி என்று நம்பி, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்கியவர் அவர். கழுத்து 1968 மார்ச் 7ஆம் நாள் என்கிறது, உள்ளுறுப்பு 1966 என்கிறது என்றால், படத்தின் கீழே நான் எதை அச்சிடுவது?

பழைய விலைப்பட்டியல்களில் உள்ள படங்களை எடுத்தாளலாமா என்பதும், சிறிய எண்ணிக்கையில் வண்ணப் படங்களோடு அச்சிடுவதற்கு எது உகந்த வழி என்பதும் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். நூலின் முதல் வாக்கியம் இப்போதைக்கு இப்படி இருக்கிறது: “உலகின் முதல் மின் பேஸ் கிட்டார் 1951இல் பிறந்தது.”

பட்டறைமணி எழுதியது:

நண்பரே, முதலில் அந்த முத்திரையிலிருந்து தொடங்குவோம். ‘7’ என்பது நாள் அன்று. அக்காலத்து ஃபெண்டர் கழுத்து முத்திரையில் முதலில் வரும் எண், அது எந்தக் கருவிக்கான கழுத்து என்பதைக் காட்டும் குறியீடு. ஜாஸ் பேஸுக்கு 7, பிரிசிஷன் பேஸுக்கு 5. இறுதியில் உள்ள ஆங்கில எழுத்து, கம்பிகள் கழுத்தின் தலைப்பில் அமரும் நட்டின் அகலத்தைக் குறிக்கும். ஆக அந்த முத்திரை உங்களுக்கு மாதத்தையும் ஆண்டையும் மட்டுமே தருகிறது. ஜாஸ் பேஸ்கள் எல்லாமே ஏழாம் தேதியில் பிறந்தவையாகத் தோன்றுவதைக் கண்டு நானும் ஒரு காலத்தில் வியந்திருக்கிறேன்.

பொட்டென்ஷியோமீட்டர் எண்ணில் 137 என்பது சிகாகோ டெலிஃபோன் சப்ளை நிறுவனத்தின் குறியீடு, 66 ஆண்டு, 33 வாரம். அந்த உறுப்பு 1966ஆம் ஆண்டின் 33ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. கருவி அதற்கு முன்னால் உருவாகியிருக்க முடியாது என்று மறுக்க அது உதவுமே தவிர, எப்போது உருவானது என்று நிறுவ உதவாது. சிபிஎஸ் வாங்கிய பிறகு 1966இல் பெருந்தொகையாகக் கொள்முதல் செய்த பொட்டென்ஷியோமீட்டர்கள் 1969 வரையிலான கருவிகளிலும் காணப்படுகின்றன. எனவே பற்றவைப்பு எவரும் தொடாத நிலையில் இருந்து, கழுத்தும் அந்த உடலுக்கே உரியது என்று உறுதியானால், உங்கள் நண்பரின் கருவி 1968ஐச் சேர்ந்தது. இரண்டு சான்றுகளுக்கும் இடையே முரண்பாடே இல்லை.

கழுத்து அந்த உடலுக்கு உரியதுதானா என்பதைத்தான் நீங்கள் நிதானமாகப் பார்க்க வேண்டும். நான்கு திருகாணிகளால் பிணைக்கப்பட்ட கழுத்து என்பதால், ஒன்றைக் கழற்றி மற்றொன்றில் பூட்டக் கால்மணி நேரம் போதும். கழுத்துத் தகட்டில் உள்ள வரிசை எண்ணையும் அதிகம் நம்பாதீர்கள். பெட்டியில் கைக்கு அகப்பட்ட தகட்டை எடுத்துப் பூட்டினார்கள் என்பதால் எண்களின் வரிசையும் உற்பத்தியின் வரிசையும் ஒத்துப்போவதில்லை. கிப்சன் என்ற மற்றொரு நிறுவனத்தின் நிலை இன்னும் மோசம். 1960களில் ஒரே எண் வெவ்வேறு ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பயன்பட்டிருக்கிறது. ரிக்கன்பேக்கர் நிறுவனம் மட்டும் ஓரளவு கருணை காட்டியது: 1961 முதல் 1986 வரை, ஆம்பிளிஃபயர் கம்பியைச் செருகும் இணைப்புத் தகட்டில் உள்ள முதல் எழுத்து ஆண்டையும் இரண்டாவது எழுத்து மாதத்தையும் காட்டும்.

1964க்கு முந்தைய ஃபெண்டர் கருவி எதையேனும் நூலில் சேர்ப்பதாக இருந்தால், உடலின் முன்புறத்தில் பொருத்தியிருக்கும் பிக்கார்டு என்ற தகட்டைக் கழற்றி ஆணித் துளைகளைத் தேடுங்கள். வண்ணம் பூசிய உடல் தரையில் ஒட்டாதிருக்க அதில் சிறு ஆணிகளை அடித்து, அவற்றின் மேல் நிறுத்தி உலர்த்தி, பிறகு பிடுங்கினார்கள். ஆணி பிடுங்கப்பட்ட இடத்தில் துளைக்குள் வண்ணம் இராது, வெறும் மரம் தெரியும். துளைக்குள்ளும் வண்ணம் இறங்கியிருந்தால், பிற்காலத்தில் யாரோ மறுபூச்சுச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். படத்தின் கீழே ஒற்றை ஆண்டைப் போடுவதைக் காட்டிலும், கழுத்து இன்ன மாதம், உள்ளுறுப்பு இன்ன வாரம், பூச்சு மூலப் பூச்சா இல்லையா என்று தனித்தனியே எழுதிவிடுங்கள்.

சியாட்டில்வாசி எழுதியது:

தங்கள் உழைப்பின் மீது மதிப்பு உண்டு, ஆனால் அந்த முதல் வாக்கியத்தை அச்சேற்றிவிடாதீர்கள். சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930களின் நடுப்பகுதியிலேயே ஆடியோவாக்ஸ் 736 என்ற கருவியைச் செய்து விற்றார். திண்மையான மரத்தாலான உடல், ஃபிரெட்டுகள் என்ற உலோகப் பட்டைகள் பதித்த கழுத்து, கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப், கிட்டாரைப் போலக் கிடையாகப் பிடித்து வாசிக்கும் அமைப்பு ஆகிய நான்கும் அதில் இருந்தன. எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றுள் ஒன்று எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதைக் கண்ணாடிக்கு அப்பால் நின்று பார்த்தவர்கள் ‘1951இல் பிறந்தது’ என்று எழுதத் துணியமாட்டார்கள். அவருடைய மகன் பட் டட்மார்க்கும் 1940களின் பிற்பகுதியில் செரினேடர் என்ற பெயரில் ஒன்றைக் கொண்டுவந்தார்.

இதனால் ஃபெண்டரின் பெருமை குறைந்துவிடாது. 34 அங்குலக் கம்பி நீளமும், தொழிற்சாலையில் பெரும் எண்ணிக்கையில் உருவாக்கும் முறையும், அதன் ஒலியைத் தாங்குவதற்கென்றே 1952இல் வந்த பேஸ்மேன் ஆம்பிளிஃபயரும் சேர்ந்ததால்தான் அந்தக் கருவி மேடைகளைப் பிடித்தது. ‘முதலில் செய்தவர்’ என்பதற்கும் ‘நிலைபெறச் செய்தவர்’ என்பதற்கும் இடையிலுள்ள பதினைந்து ஆண்டுகள்தாம் என் பார்வையில் உங்கள் நூலின் சுவையான முதல் இயல்.

வாசித்தவர்களைப் பற்றியும் அதே எச்சரிக்கை தேவை. லயனல் ஹாம்ப்டனின் ஜாஸ் இசைக்குழுவில் ஃபெண்டர் பேஸை வாசித்தவர் என்று மாங்க் மாண்ட்கோமெரியின் பெயரே எங்கும் சொல்லப்படுகிறது. ஆனால் 1952 ஜூலை மாத டவுன் பீட் இசை இதழில் லெனர்ட் ஃபெதர் அந்தப் புதுமையைப் பற்றி எழுதியபோது அக்குழுவில் அதை வாசித்துக்கொண்டிருந்தவர் ராய் ஜான்சன். முப்பது ஆண்டுகள் கழித்துச் சொல்லப்பட்ட நினைவுகளைவிட அந்த மாதத்து இதழுக்கே முதலிடம் கொடுங்கள்.

அச்சுக்கூடன் எழுதியது:

உரிமை பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அமெரிக்காவில் 1978க்கு முன்பு காப்புரிமை அறிவிப்பு இல்லாமல் வெளியான அச்சுப் படைப்புகள் அங்கே பொதுவுடைமையாகிவிட்டன. அறிவிப்போடு வெளியானவற்றிலும் 1963 வரையிலானவை 28ஆவது ஆண்டில் புதுப்பிக்கப்படாவிட்டால் அதே நிலைதான். ஆகவே ஒவ்வொரு விலைப்பட்டியலின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பார்த்து, அறிவிப்பு உண்டா என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள். அச்சிடுவது இந்தியாவில் என்றால் இங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடமும் ஒருமுறை கேட்டுவிடுங்கள். கருவியின் படத்தை நீங்களே எடுத்தால் இந்தக் கவலையே வேண்டாம், உரிமையாளரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டால் போதும். அவருடைய பெயரையும் ஊரையும் மட்டும் அச்சிடாதீர்கள். புகழ்பெற்ற பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சனின் 1962ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ் 1983இல் அவர் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் திருடுபோனது. இவை திருடர்கள் தேடும் பொருள்கள்.

அச்சைப் பொறுத்தவரை, தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் ஒரு பக்கம் வண்ணமாக இருந்தாலும் முழு நூலுக்கும் வண்ண விலை விழுவது வழக்கம். முந்நூறு படிகளுக்கு மேல் போவதாக இருந்தால், எழுத்துப் பக்கங்களைச் சாதாரண மேப்லித்தோ தாளில் ஒரே வண்ணத்தில் அடித்து, வண்ணப் படங்களை 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் அடித்து மடிக்கும் பக்கத் தொகுதி) இரண்டில் வழவழப்பான ஆர்ட் பேப்பரில் தொகுத்துச் சேர்ப்பதே கட்டுபடியாகும். வழக்கமான டெம்மி அளவில் பேஸ் கிட்டார் தீக்குச்சிபோல் ஆகிவிடும். அதைவிடப் பெரிய கிரவுன் 1/4 அளவை எடுங்கள்.

நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். நாதஸ்வரங்களைப் பற்றிய என் நூலின் மெய்ப்பைக் கணினித் திரையில் மட்டும் பார்த்து ஒப்புதல் கொடுத்தேன்; அச்சாகி வந்தபோது ஆச்சா மரத்தின் செந்நிறம் முழுவதும் காப்பித்தூள் நிறமாக இருந்தது. உங்கள் கருவிகளில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு மூன்றும் ஒன்றில் ஒன்று கரையும் சன்பர்ஸ்ட் பூச்சு இருக்கிறது. அந்தச் சிவப்பு, கறுப்பில் அமிழ்ந்து காணாமல் போய்விடும் அபாயம் உண்டு. உண்மையான தாளில் ஒரு படி அடித்துத் தரச்சொல்லி, வெயிலில் வைத்துப் பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

நாற்கம்பி எழுதியது:

மூவருக்கும் நன்றி. முதல் வாக்கியத்தை அடித்துவிட்டேன், நூல் இப்போது சியாட்டிலில் தொடங்குகிறது. பட்டறைமணி ஐயா சொன்னபடி கருவியைக் கழற்றிப் பார்த்ததில், நண்பரின் ஜாஸ் பேஸில் பற்றவைப்பு எதையும் எவரும் தொட்டதாகத் தெரியவில்லை. கழுத்தும் உடலும் பழைய திருகாணித் தடங்களில் துல்லியமாகப் பொருந்துகின்றன. 1968 என்று அச்சிடப் போவதை அவரிடம் தெரிவித்தேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், கருவியின் முழுப் படத்தை நூலில் சேர்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதை ஏற்றுக்கொண்டு, பொட்டென்ஷியோமீட்டரின் முதுகும் கழுத்து முத்திரையும் மட்டும் தெரியும் இரண்டு நெருக்கப் படங்களை, அவருடைய ஒப்புதலோடு, அந்தப் பக்கத்தில் வைக்கிறேன்.