வீட்டு வேலைக்கு நடுவே சினிமா, டிவி, கேம் பற்றிப் படிப்பவர்கள் இருக்கிறீர்களா?

சிப்புட் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம், தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் நிறைந்த ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். நான் செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன், கணவர் லாரி ஓட்டுகிறார். வீட்டில் மாமியார், படிவம் 3 படிக்கும் மகன், தமிழ்ப்பள்ளியில் நான்காம் ஆண்டு மகள். சாயங்காலம் ஆனால் மாமியார் ஆஸ்ட்ரோவில் தொடர் பார்க்கிறார், மகன் கைப்பேசியில் மொபைல் லெஜெண்ட்ஸ் கேமில் உட்கார்ந்துவிடுகிறான், எனக்குச் சின்ன வயதிலிருந்தே படம் என்றால் உயிர். மூன்றும் ஒரே கூடத்தில்தான் நடக்கிறது, ஆனால் ஒருவர் பார்ப்பதைப் பற்றி இன்னொருவரிடம் பேச எங்களுக்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் இவை எப்படி உருவாகின்றன என்று சொல்லும் புத்தகங்களைத் தேட ஆரம்பித்தேன். நடிகர் வாழ்க்கை, கிசுகிசு எல்லாம் வேண்டாம், உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இப்போது படிப்பது வால்டர் மர்ச் எழுதிய 'இன் த பிளிங்க் ஆஃப் ஆன் ஐ'. படத்தொகுப்பு பற்றிய சின்னப் புத்தகம், மகளை டியூசனில் விட்டுவிட்டு காரில் காத்திருக்கும் நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஓடுகிறது. ஒரு காட்சியை எங்கே வெட்டுவது என்பதற்கு அவர் ஆறு காரணங்கள் சொல்கிறார், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண்ணும் கொடுக்கிறார். உணர்ச்சிக்கு மட்டுமே 51, கதைக்கு 23, தாளத்துக்கு 10, மற்றதெல்லாம் அதற்குக் கீழே. ஆள் எந்த இடத்தில் நின்றார், எந்தக் கையில் டம்ளர் இருந்தது என்று நாம் நோண்டுகிறோமே, அது கடைசி வரிசைக்குப் போய்விடுகிறது! 1974இல் வந்த 'தி கான்வர்சேஷன்' படத்தைத் தொகுத்தபோது, தான் வெட்ட நினைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே நடிகர் ஜீன் ஹேக்மன் கண் சிமிட்டுவதைக் கவனித்தாராம், அங்கிருந்துதான் புத்தகத்தின் தலைப்பே வருகிறது. இதைப் படித்த பிறகு மாமியாரோடு உட்கார்ந்து தொடர் பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னதும் வீட்டில் இருக்கும் எல்லார் முகத்தையும் வரிசையாகக் காட்டுகிறார்களே, அது ஏன் அவருக்கு அவ்வளவு பிடிக்கிறது என்று எனக்குப் புரிந்தது. அவரிடம் சொன்னேன், அவரும் பேசினார், நல்ல பேச்சு.

எனக்குத் தேவை: கேம் பற்றி ஒன்று, டிவி பற்றி ஒன்று, தமிழில் சினிமா பற்றி ஒன்று. அப்புறம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு நீங்கள் எப்போது படிக்கிறீர்கள்?

இரவு ஷிஃப்ட் தம்பி எழுதியது:

அக்கா, கேமுக்கு ஜேசன் ஷ்ரையர் எழுதிய 'பிளட், ஸ்வெட் அண்ட் பிக்சல்ஸ்' எடுங்கள், 2017இல் வந்தது. பத்து அத்தியாயம், பத்து கேம். ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது, பாதியில் விட்டு மறுவாரம் எடுத்தாலும் தொலைந்துபோக மாட்டீர்கள். நான் ஃபேக்டரியில் இடைவேளை நேரத்தில்தான் படித்தேன்.

முதலில் ஸ்டார்டியூ வேலி அத்தியாயத்தைப் படியுங்கள். எரிக் பரோன் என்ற ஒரே ஆள், நாலரை வருடத்துக்கு மேல், படம் வரைவது, இசை, கதை, நிரல் எல்லாவற்றையும் தனியாகச் செய்தார். காதலி வேலைக்குப் போய்ச் சம்பாதிக்க, இவர் ஒரு தியேட்டரில் ஆட்களுக்கு இருக்கை காட்டும் வேலையைப் பகுதி நேரமாகப் பார்த்துக்கொண்டே 2016 பிப்ரவரியில் அந்தக் கேமை வெளியிட்டார். விவசாயம் பண்ணுகிற கேம், உங்கள் மகளுக்கும் பிடிக்கும். மகனுக்கு டியாப்லோ 3 அத்தியாயத்தைச் சொல்லுங்கள். 2012 மே மாதம் வெளியான அன்று காசு கொடுத்து வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் 'பிழை 37' என்ற செய்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் குழு அதற்குப் பிறகு கேமை எப்படிச் சரிசெய்தது என்பதுதான் அந்த அத்தியாயம். கெடு நெருங்கும்போது மாதக்கணக்கில் ராத்திரி பகல் பாராமல் வேலை வாங்குவதையும் அவர் மறைக்கவில்லை, அது எனக்கு நெஞ்சில் தைத்தது.

உங்கள் மகன் விளையாடுவது அந்தப் புத்தகத்தில் இல்லை. அவனையே சொல்லச் சொல்லுங்கள் அக்கா, எந்த நாயகன் எதற்கு, ஏன் இந்தப் பாதையில் போகிறான் என்று. சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டான்.

ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதியது:

தமிழில் என்றால் தியடோர் பாஸ்கரனிடம்தான் போக வேண்டும் அம்மா. அவர் முழுநேர எழுத்தாளர் அல்ல, இந்தியத் தபால் துறையில் பெரிய பொறுப்பில் இருந்துகொண்டே தமிழ் சினிமாவின் வரலாற்றைத் தேடி எழுதியவர். நேரமில்லை என்று சொல்பவர்களுக்கு நான் அவரைத்தான் காட்டுவேன். ஆங்கிலத்தில் எழுதிய நூல் 'பாம்பின் கண்' என்று தமிழிலும் வந்திருக்கிறது. 1931இல் வந்த 'காளிதாஸ்'தான் முதல் தமிழ்ப் பேசும் படம் என்று படித்திருப்பீர்கள், ஆனால் அதில் சிலர் தெலுங்கில் பேசினார்கள் என்பதை எத்தனை பேர் அறிவோம்? அந்தக் காலத்து மௌனப் படங்களோ ஏறக்குறைய எல்லாமே அழிந்துவிட்டன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது நம் ஊர்க் கதை. நான் தோட்டத்தில் வளர்ந்தபோது திடலில் வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவார்கள், லயத்து வரிசை வீடுகளிலிருந்து எல்லாரும் பாயை எடுத்துக்கொண்டு போவோம். ஒரு தடவை தமிழ்ப்படம், ஒரு தடவை மலாய் நடிகர் பி. ரம்லியின் படம். அந்த மலாய்ப் படங்களை எடுத்தவர்களில் பலர் இந்தியர்கள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. 1930களில் சிங்கப்பூரில் 'லைலா மஜ்னுன்' எடுத்த பி.எஸ். ராஜ்ஹான்ஸ் இந்தியாவிலிருந்து வந்தவர். ரம்லி முதன்முதலில் நாயகனாக நடித்த 'பக்தி' 1950இல் வந்தது, அதை எடுத்த எல். கிருஷ்ணன் சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். 'ஹங் துவா' எடுத்தவர் ஃபனி மஜும்தார். நம் பிள்ளைகள் இதையெல்லாம் தெரிந்து வளர வேண்டும் என்று எனக்கு மிகுந்த ஆசை. படித்துவிட்டு 2015இல் வந்த நம் 'ஜகாட்' படத்தையும் குடும்பமாகப் பாருங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்துப் பையனின் கதை, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது வாங்கியது. ஆனால் மகளுக்கு இன்னும் கொஞ்சம் வயது ஆகட்டும்.

இரண்டு வாண்டுகளின் அம்மா எழுதியது:

நான் தாதி, பாகான் டத்தோ பக்கம். டிவிக்கு ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் எழுதிய 'டெலிவிஷன்' புத்தகம். முழுக்கப் படிக்க வேண்டாம், மொழி கடினம், நான்காவது அத்தியாயம் மட்டும் போதும். பிரிட்டனிலிருந்து கப்பலில் போய் மயாமியில் இறங்கிய வில்லியம்ஸ் டிவியில் ஒரு படம் பார்க்கிறார், நடுவில் விளம்பரம், வேறு படங்களின் முன்னோட்டம் எல்லாம் வந்து கலந்து, எது எந்தப் படம் என்றே பிடிபடவில்லை. அதிலிருந்து அவர் கண்டுகொண்டது: டிவி நமக்குக் கொடுப்பது தனித்தனி நிகழ்ச்சி அல்ல, நிற்காமல் ஓடும் ஓட்டம். ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாகத் தொடங்கிவிடும் இந்தக் காலத்தில் அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இப்போது எங்கள் வீட்டில் அந்தத் தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டோம், ஒரு பகுதி முடிந்ததும் சின்னவளிடம் கதை கேட்கிறேன்.

நேரம் பற்றிக் கேட்டீர்கள் அக்கா. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு என்று வைத்தால் நடக்காது, நாமும் தூங்கிவிடுவோம். நான் விடியற்காலையில் சோறு வேகும்போது படிக்கிறேன்.

சிப்புட் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஷ்ரையர் புத்தகத்தை வாங்கச் சொல்லிவிட்டேன், மகனே இணையத்தில் தேடிக்கொடுத்தான். வாத்தியார் ஐயா, 'பக்தி'யை எங்கே பார்க்கலாம்? எங்கள் மாமியார் திடலில் பார்த்த படம் என்கிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.