எம்எஸ் 64 மோர்கன் டாலர்: பணம் கட்டி மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி:
நாணயங்களுக்குத் தரம் குறிக்கும் என்ஜிசி நிறுவனத்தின் மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் எம்எஸ் 64 (புழங்காத நாணயத்துக்கான தர எண், உச்சம் 70) என்று இருக்கும் 1881-எஸ் மோர்கன் டாலர் (சான் பிரான்சிஸ்கோவில் அச்சான பழைய அமெரிக்க வெள்ளி நாணயம்) பார்வைக்கு 65 போலத் தெரிகிறது. மறுதரத்துக்கு அனுப்பலாமா, கொடுத்த தரம் சரியா என்று பார்த்து ஒட்டும் சிஏசி நிறுவனத்தின் ஸ்டிக்கருக்கா, அப்படியே விட்டுவிடலாமா?

பதில் 1:
முதலில் விலையைப் பாருங்கள் சார். விலைப்பட்டியல் வேண்டாம், ஏலத்தில் உண்மையாகவே போன தொகையை எடுங்கள். 64-க்கும் 65-க்கும் உள்ள வித்தியாசத்தைத் தரம் கூடும் வாய்ப்பால் பெருக்குங்கள். கட்டணம், போக வரக் காப்பீட்டு அஞ்சல் இரண்டையும் அது தாண்ட வேண்டும். 1881-எஸ் நல்ல தரத்திலேயே தாராளமாகக் கிடைப்பது, பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

பதில் 2:
ஒரே ஒரு விளக்கை எரியவிட்டு, நாணயத்தைச் சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். மோர்கனில் உள்ள பெண் முகத்தின் கன்னம்தான் தரத்தைத் தீர்மானிக்கும். கன்னத்தின் நடுவே பைத் தழும்பு (பையில் மற்ற நாணயங்கள் மோதிய தடம்) ஒன்று பளிச்சென்று தெரிந்தால், பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் 65 கஷ்டம். அதே தழும்பு தலைமுடிக்குள் மறைந்திருந்தால் அவ்வளவு பாதிக்காது. மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுகின்றனவா? துடைத்த நாணயமாக இருக்கலாம். பெட்டியை உடைத்து அனுப்பினால், சுத்தம் செய்தது என்ற குறிப்போடு எண் தரமில்லாமல் திரும்பும். இருந்த 64-உம் போய்விடும்.

பதில் 3:
உடைக்கவே வேண்டாம், பெட்டியோடு அனுப்புங்கள். சிஏசியில் பச்சை ஸ்டிக்கர் என்றால் அந்தத் தரத்துக்கு உறுதியான நாணயம். தங்க ஸ்டிக்கர் என்றால் அடுத்த தரத்துக்கே தகுதியானது. ஒட்டுவது பெட்டியின் மேல்தான், எனவே பிறகு உடைத்தால் ஸ்டிக்கரும் போச்சு. அனுப்பும் முன் பெட்டியில் கீறல் இருந்தால் அது நாணயத்தில் இருப்பதா என்று லென்ஸில் உறுதி செய்துகொள்ளுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.