ஏபிஐ வழியாக ஸ்கேன் முடிவுகளை எடுத்தவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

கருப்புத்திரை:
30 என்ற எண்ணைப் பார்த்தாலே எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

கோடு சேமிக்கும் தளமான கிட்ஹப், கோடில் உள்ள பாதுகாப்புக் குறைகளைப் பற்றித் தரும் எச்சரிக்கைகளை, அதாவது கோட் ஸ்கேனிங் அலெர்ட்களை, ஏபிஐயில் (ஒரு நிரல் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வாசல்) இழுத்து டேஷ்போர்டில் காட்டும் ஸ்கிரிப்ட் ஒன்று வேறொரு டீமிடமிருந்து எங்களுக்குக் கைமாறி வந்தது. ரெப்போ (ஒரு திட்டத்தின் கோடு இருக்கும் கிடங்கு) பெயரைக் கொடுத்தால் பட்டியல் வரும், உங்களுக்குத் தெரியாததா. கிளையன்ட் மீட்டிங்கில் அந்தத் திரையைப் போட்டார்கள். பேமென்ட் ரெப்போ 30. லாகின் 30. ரிப்போர்ட்டிங் 30. கிளையன்ட் பக்கத்து மேடம், "அதெப்படி மூன்றும் ஒரே எண்?" என்று கேட்டார். எங்கள் மேனேஜர் கொஞ்சமும் தயங்கவில்லை. "எல்லா டீமும் ஒரே கோடிங் ஸ்டாண்டர்டைப் பின்பற்றுகிறார்கள் மேடம்." மேடம் தலையாட்டிவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டார்!

நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏபிஐ ஒரு பக்கத்துக்கு 30தான் தரும். 100 வரை கேட்கலாம். அதற்கு மேல் வேண்டுமானால் லிங்க் ஹெட்டரில் வரும் அடுத்த பக்க முகவரியைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அந்த ஸ்கிரிப்ட் முதல் பக்கத்தோடு நின்றுவிட்டது. பேமென்ட் ரெப்போவில் மட்டும் திறந்திருந்த அலெர்ட்கள் 412.

மதுரைக்காரன்:
ஆவணத்தின் அந்தப் பக்கத்திலேயே 30 என்று போட்டிருக்கிறது நண்பரே. இதையெல்லாம் அதிர்ச்சி என்று சொல்ல முடியாது.

என் கதை 404, அதாவது 'கிடைக்கவில்லை' என்ற பிழை எண். ஏபிஐக்குள் நுழையும் சாவியான பழைய டோக்கன் காலாவதியாகி, புது டோக்கன் போட்ட மறுநாள் காலை. டீமில் புதிதாகச் சேர்ந்த பெண் போன் செய்தார். "சார், பிரைவேட் ரெப்போ ஒன்றுகூட இல்லை. யாரோ மொத்தமாக டெலீட் பண்ணிட்டாங்க." குரல் நடுங்குகிறது. முந்தின நாள் மாலை கடைசியாக அட்மின் கணக்கில் இருந்தது அவர்தானாம், பழி தன் மேல் வந்துவிடும் என்ற பயம். "பிரவுசரில் திறந்து பாரும்மா" என்றேன். எல்லாம் அப்படியே இருந்தது. அந்தப் பக்கம் நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு அழுதுவிட்டார்.

டோக்கனுக்கு அனுமதி இல்லாத பிரைவேட் ரெப்போவைக் கேட்டால் கிட்ஹப் 403 ('அனுமதி இல்லை') சொல்லாது, 404தான் சொல்லும். அப்படி ஒரு ரெப்போ இருக்கிறது என்பதையே வெளியாளுக்குக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்பதற்காக. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் காலை எட்டு மணிக்கு ஒரு புதுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

பைப்லைன் பாதுகாவலன்:
எங்களுக்கு நடுராத்திரி கிரான் (குறித்த நேரத்தில் தானாக நடக்கும் வேலை) ஓடும்போது ரேட் லிமிட்டில் (இத்தனை அழைப்புகள்தான் என்ற வரம்பு) முட்டிக்கொண்டு பாதி ரெப்போ விடுபட்டுப் போகும். அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் மேலே இருவர் எழுதியதையும் பார்த்தால் அடிப்படையே சரியில்லை என்று படுகிறது, அதனால் சொல்கிறேன்.

முதலில், ஒருவருடைய சொந்த டோக்கனில் கம்பெனி ஸ்கிரிப்டை ஓட்டாதீர்கள். அவர் வேலையை விட்டுப் போனால் டோக்கனும் போகும். கிட்ஹப் ஆப் ஒன்றை உருவாக்கி நிறுவனக் கணக்கில் நிறுவுங்கள். அது தரும் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும், கசிந்தாலும் சேதம் குறைவு. கோட் ஸ்கேனிங் அலெர்ட்களைப் படிக்கும் அனுமதி மட்டும் போதும், எழுதும் அனுமதி எதற்கு? ரெப்போ ரெப்போவாகச் சுற்றாதீர்கள். மொத்த நிறுவனத்துக்கும் சேர்த்து அலெர்ட் பட்டியல் தரும் தனி முகவரியே இருக்கிறது. சொந்த டோக்கனுக்கு மணிக்கு 5,000 அழைப்புகள்தான், ரெப்போவுக்கு ஒன்று, அலெர்ட்டுக்கு ஒன்று என்று போனால் எங்கே போதும்? இன்னும் நல்லது வெப்ஹுக். அலெர்ட் திறந்தாலும் மூடினாலும் அதுவே வந்து கதவைத் தட்டும். அப்புறம், 404 வந்தால் பூஜ்யம் என்று எழுதும் ஸ்கிரிப்ட்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பிழை வேறு, பூஜ்யம் வேறு. டேஷ்போர்டில் பிழைக்குச் சாம்பல் நிறம் கொடுங்கள், பச்சை கொடுக்காதீர்கள்.

கருப்புத்திரை:
அண்ணே, நான் யோசனை எதுவும் கேட்கவில்லையே. ஆனாலும் சாம்பல் நிறம் நல்ல யோசனைதான்.

வெள்ளிக்கிழமை டிப்ளாய்:
எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் (தரவுத்தளத்துக்குள் திருட்டுக் கட்டளை நுழையும் ஓட்டை) அலெர்ட் ஒன்று. காலையில் ஏபிஐயில் பார்த்தால் நிலை 'ஃபிக்ஸ்டு', நேரம் அதிகாலை 2:14. அந்த ஃபைலை யாரும் தொடவே இல்லை. ஸ்டாண்டப் கூட்டத்தில் லீடு உற்சாகமாக, "இரவு உட்கார்ந்து இதைச் சரி செய்தது யார்?" என்றார். ஒரு டெவலப்பர் எதுவும் சொல்லாமல் லேசாகச் சிரித்தார். எல்லோரும் கை தட்டினோம். மாலையில் அதே அலெர்ட் மறுபடி திறந்துகொண்டது. அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. நல்ல மனிதர்தான், இன்றுவரை அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

காரணம் சப்பென்று இருக்கும். ஃப்ரண்ட்எண்டுக்கும் பேக்எண்டுக்கும் தனித்தனி ஜாப், ஆனால் ஒரே ஸ்கேனர், சாரிஃப் ஃபைலை (ஸ்கேன் முடிவுகள் இருக்கும் ஃபைல்) ஏற்றும்போது ஒரே கேட்டகரி (பிரிவுப் பெயர்). ஒரே கமிட்டுக்கு (கோடில் பதிவான ஒரு மாற்றத்துக்கு) அப்படி ஏற்றினால் இரண்டாவது ஃபைல் முதலாவதன் முடிவுகளை அழித்துவிடும். புதியதில் இல்லாதவை சரியாகிவிட்டதாகக் கணக்கு. எந்த ஜாப் கடைசியில் முடிகிறதோ அதன் அலெர்ட்கள் மட்டும் உயிரோடு இருக்கும். ஜாப்புக்கு ஒரு கேட்டகரி கொடுத்ததும் அடங்கியது.

பழைய லினக்ஸ்காரி:
மதுரைக்காரருக்கு: 403 வராது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். கிட்ஹப்பின் கட்டணப் பாதுகாப்புச் சேவை (முன்பு அட்வான்ஸ்டு செக்யூரிட்டி, 2025 முதல் கோட் செக்யூரிட்டி) இயக்கப்படாத பிரைவேட் ரெப்போவில் அலெர்ட் கேட்டுப் பாருங்கள், 403தான் வரும். அனுமதி எல்லாம் சரியாக இருந்து, ஸ்கேனே ஓடாத ரெப்போ என்றால் 404. அதிலும் உள்ளே வரும் செய்தி வேறு, 'அனாலிசிஸ் எதுவும் இல்லை' என்று தெளிவாகச் சொல்லும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டுச் செய்தியை விடுவதுதான் பிரச்சினை.

எங்கள் அலுவலகத்தில் 'கிரிட்டிக்கல்: 0' என்று வாராவாரம் தானாக மெயில் போகும். யாரோ அதை அச்செடுத்து காபி மெஷின் மேல் ஒட்டியிருந்தார்கள், பக்கத்தில் ஒரு கட்டைவிரல் படம். ஒருநாள் காபிக்கு நிற்கும்போது சந்தேகம் வந்து ஸ்கிரிப்டைத் திறந்தேன். ரூல் சிவியாரிட்டி என்ற புலத்தில் கிரிட்டிக்கலைத் தேடுகிறது. அந்தப் புலத்தில் எரர், வார்னிங், நோட், நன் (எதுவுமில்லை) தவிர வேறெதுவும் வராது. கிரிட்டிக்கல், ஹை எல்லாம் செக்யூரிட்டி சிவியாரிட்டி லெவல் என்ற வேறு புலத்தில். பூமி உள்ளவரை பூஜ்யம்தான் வந்திருக்கும். காகிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். அட்மின் வந்து, சுவரில் பசை ஒட்டியிருக்கிறது என்று என்னையே திட்டினார்.

தணிக்கை மேசை:
நான் கோடு எழுதுபவன் இல்லை, அறிக்கை கேட்பவன். எங்கள் இடத்தில் கோடை ஆராயும் சோனார்க்யூப் என்ற வேறு கருவி. இஷ்யூ (அது கண்டுபிடித்த குறை) தேடும் ஏபிஐயிலிருந்து எடுத்த எக்செல் என் கையில், வெளித்தணிக்கையாளர் எதிரே. பலவீனமான என்க்ரிப்ஷன் பற்றிக் கேட்டார். "ஒன்றும் இல்லை" என்றேன். அவர் தன் லேப்டாப்பை மெல்ல என் பக்கம் திருப்பினார். வெப் பக்கத்தில் செக்யூரிட்டி ஹாட்ஸ்பாட் (ஆள் பார்த்து முடிவு செய்ய வேண்டிய இடங்கள்) பகுதி, வரிசையாக. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி ஏபிஐ, இஷ்யூ தேடலில் அவை வருவதில்லை. அந்தத் தேடலும் 10,000 முடிவுகளுக்கு மேல் தராது என்பதையும் அன்றே அவர் வாயால் கேட்டுக்கொண்டேன்.

மதுரைக்காரன்:
@பழைய லினக்ஸ்காரி, பொதுவாகச் சொல்லவில்லையே, அனுமதி இல்லாத பிரைவேட் ரெப்போ என்றுதானே எழுதினேன். மறுபடி படியுங்கள். காபி மெஷின் விஷயத்துக்கு மட்டும் கும்பிடு.

புது வரவு:
எங்கள் ரிலீஸ் கேட் (வெளியிடும் முன் சோதித்துத் தடுக்கும் படி) சாரிஃபை ஏற்றிய அடுத்த நொடியே அலெர்ட் பட்டியலைக் கேட்கும். ஏற்றினால் கிடைப்பது 202, கூடவே ஒரு ஐடி. வாங்கிக்கொண்டேன், இனிமேல்தான் பிரித்துப் பார்ப்பேன் என்று அர்த்தம். ரிலீஸ் கேட் அதற்குள் நேற்றைய பட்டியலைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டுவிடும். கோடிலேயே ஹார்டுகோட் செய்த (அப்படியே எழுதிவைத்த) பாஸ்வேர்டோடு ஒரு பில்டு புரொடக்‌ஷனுக்குப் போனது. அது லைவ் ஆன பிறகுதான் அலெர்ட் மெயில் வந்தது, நாங்கள் லன்ச்சில் இருந்தோம்.

இப்போது அந்த ஐடியைக் கொடுத்து நிலை 'பெண்டிங்' மாறி 'கம்ப்ளீட்' வரும்வரை கேட் காத்திருக்கிறது. 'ஃபெயில்டு' வந்தால் பில்டு நிற்கும். பில்டு மெதுவாகிவிட்டது என்று டெவலப்பர்கள் தினமும் சண்டைக்கு வருகிறார்கள். காத்திருப்பை எடுத்துவிடச் சொல்லி நேற்றுகூட ஒரு டிக்கெட் போட்டிருக்கிறார்கள்.