பெரியம்மா டிரங்குப் பெட்டில ஒரு மாதர் சங்கத்தோட வரலாறு, உதவி வேணும்

வணக்கம் மக்களே, பெரியம்மாவோட டிரங்குப் பெட்டி எங்கிட்ட வந்திருக்கு, உள்ள மாதர் சங்க மினிட்ஸ் நோட்டு (கூட்டக் குறிப்பு), கட்டுக்கட்டா கடுதாசி, கொஞ்சம் போட்டோ. குண்டூசி துருப்பிடிச்சு பேப்பர்லாம் ஓட்டை, யாரோ புண்ணியவான் கிழிசலுக்கு செலோ டேப் வேற ஒட்டிருக்காரு, அது மஞ்சளாகி எழுத்தையே முழுங்குது. ஊசிய எடுத்துட்டேன், டேப்ப தொட பயம், எப்படி எடுக்குறது? லேமினேஷன் பண்ணுன்னு மட்டும் சொல்லாதீங்க, அப்புறம் பிரிக்கவே முடியாது. போட்டோவ 600 டிபிஐல (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் பண்ணிட்டிருக்கேன்.

பெரிய தலைவலி பேருதான். போட்டோ பின்னாடி திருமதின்னு போட்டு புருஷன் பேரு மட்டும் இருக்கு, அந்தம்மா சொந்தப் பேரு எங்கயுமே இல்ல (சங்கத் தலைவிக்கே இந்த கதி!). கேட்டலாக்ல இத எப்படி பதியுறீங்க?

கண்காட்சிக்கு நகல் போதும்னு நினைக்கிறேன், அசல வெளிச்சத்துல வச்சா மை வெளுத்துடும். அப்புறம் மும்பைல 1988ல ஆரம்பிச்ச ஸ்பாரோ மாதிரி பெண்கள் ஆவணக்காப்பகத்துக்கு குடுக்கலாம்னு ஆசை, ஆனா கடுதாசில குடும்பச் சண்டையெல்லாம் இருக்கு, இன்னும் இத்தன வருஷத்துக்கு யாருக்கும் காட்டக்கூடாதுன்னு அவங்ககிட்ட எழுதி வாங்கிட்டு குடுக்கலாமா? குடுத்த அனுபவம் இருக்கவங்க சொல்லுங்க ப்ளீஸ்.