ரேஷன் முறையை நவீனப்படுத்தியதில் மாநிலங்களை எதை வைத்து ஒப்பிடுவது?

எம்ஏ_கடைசி_வருடம்:

வணக்கம். எம்.ஏ. ஆய்வேட்டுக்கு, மாநில அரசுகள் பொது விநியோகத் திட்டத்தை எப்படி நவீனப்படுத்தின என்பதை எடுத்திருக்கிறேன். அட்டைகளைக் கணினியில் ஏற்றியது, ஆதார் இணைப்பு, பிஓஎஸ் மெஷின் (கடையில் அட்டையையோ கைரேகையையோ சரிபார்த்து பில் போடுவது), எந்தக் கடையிலும் வாங்கலாம் என்ற வசதி, இதெல்லாம் அடக்கம். 2012 வாக்கில் மத்திய அரசு பணம் ஒதுக்கி எல்லா மாநிலங்களையும் கணினிமயமாக்கச் சொன்னது, 2013இல் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, ஆக எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே பட்டியலை வைத்துக்கொண்டுதான் வேலை பார்த்திருக்கிறார்கள். பலன் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருக்கிறது. ஏன்?

என் வழிகாட்டி, எத்தனை சதவீதக் கடைகளில் மெஷின் இருக்கிறது, எத்தனை சதவீத அட்டைகளில் ஆதார் ஏறியிருக்கிறது என்ற இரண்டையும் வைத்து வரிசைப்படுத்து என்கிறார். போர்ட்டலைத் திறந்தால் ஏறக்குறைய எல்லா மாநிலமும் நூறை ஒட்டி நிற்கிறது. எல்லோருக்கும் முதல் ரேங்க் என்றால் நான் என்ன எழுதுவது? தமிழ்நாடு, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் மூன்றையும் எடுக்கலாம் என்று நினைத்தேன். வேலை பார்த்தவர்கள், களத்துக்குப் போனவர்கள் யாராவது சொல்லுங்கள், எதை அளப்பது?

களப்பணியாளன்:

மெஷின் சதவீதத்தை விட்டுவிடுங்கள், அது கொள்முதல் பிரிவின் சாதனை. எது முதலில் நடந்தது, எது பின்னால் வந்தது என்ற வரிசையைப் பாருங்கள், உங்கள் மூன்று மாநிலங்களும் அங்கேயே பிரிந்துவிடும்.

சத்தீஸ்கரை எடுங்கள். 2004இல் ஒரு உத்தரவு போட்டு ரேஷன் கடைகளைத் தனியார் டீலர்களிடமிருந்து பிடுங்கி பஞ்சாயத்து, மகளிர் குழு, கூட்டுறவுச் சங்கம் கையில் கொடுத்தார்கள். டீலர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், அரசு பின்வாங்கவில்லை. கடை நடத்துபவருக்குக் கட்டுப்படியாகும்படி கமிஷனை ஏற்றினார்கள். 2007இல் மூன்று ரூபாய் அரிசி வந்தது, அட்டை உள்ளவர்கள் எண்ணிக்கையும் விரிந்தது (அன்றைய முதலமைச்சர் ரமன் சிங்குக்கு 'சாவல் வாலே பாபா', அதாவது அரிசி பாபா, என்ற பெயர் சும்மா வரவில்லை). கணினி இந்த அடித்தளத்தின் மேல்தான் ஏறியது. நெல் கொள்முதல் நிலையத்தில் தொடங்கி, எந்தக் கடைக்கு எவ்வளவு ஒதுக்கீடு, எந்த லாரி எப்போது கிளம்பியது என்பது வரை கணக்கு ஒரே கோட்டில் வந்தது. லாரிக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள், ஊரில் பதிவு செய்துவைத்தவர்களுக்கு லாரி கிளம்பினால் எஸ்எம்எஸ் போனது. மஞ்சள் லாரி சந்தைப் பக்கம் நின்றால் யார் கண்ணுக்கும் தப்பாது இல்லையா? பொருளியலாளர்கள் ஜான் திரேஸும் ரீத்திகா கேராவும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்துப் போட்ட கணக்கில், 2004-05இல் அங்கே பாதிக்குப் பாதி காணாமல் போன தானியம் 2009-10இல் பத்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. கவனியுங்கள், அந்தக் காலத்தில் அங்கே யாரும் விரல் வைக்கவில்லை. ராய்ப்பூரில் மக்கள் விரும்பிய கடையில் வாங்கும் ஏற்பாடு வந்ததே 2012இல்தான்.

ஜார்க்கண்டில் தலைகீழ். கடைகள் பெரும்பாலும் டீலர் கையிலேயே இருக்க, 2016-17இல் கைரேகை மெஷின் வந்து உட்கார்ந்தது. கார்த்திக் முரளிதரன், பால் நீஹவுஸ், சந்தீப் சுக்தாங்கர் என்ற பொருளியலாளர்கள் மூவரும் அதை ஒன்றரைக் கோடிப் பேர் அளவில் சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஆராய்ந்தார்கள். கைரேகை வைத்ததால் மட்டும் திருட்டு குறையவில்லை. ஆதார் இணைக்காமல் இருந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது பத்து சதவீதம் குறைந்தது. காரணம் யோசித்தால் எளிது. அங்கே நடந்த திருட்டு, ஆள் மாறி வந்து வாங்குவது அல்ல. உரிய ஆள்தான் வருகிறார், 35 கிலோவுக்கு ரேகை வைக்கிறார், டீலர் 32 கிலோ போடுகிறார். இதை எந்த மெஷின் பிடிக்கும்?

அப்புறம்தான் பெரிய கூத்து. 2017 நடுவில் அரசு, மெஷின் கணக்குப்படி உன் கடையில் இவ்வளவு இருப்பு இருக்க வேண்டும், அதனால் இந்த மாதம் அதைக் கழித்துக்கொண்டுதான் அனுப்புவோம் என்றது. காகிதத்தில் சரியான நடவடிக்கை. ஆனால் அந்த 'இருப்பு' எப்போதோ வெளியே போய்விட்டது, டீலர் தன் கையிலிருந்து வாங்கிப் போடப் போவதில்லை. வெட்டு கொஞ்சம் டீலர் மேல் விழுந்தது, கொஞ்சம் அட்டைதாரர் மேல் விழுந்தது. கசிவு நன்றாகவே குறைந்தது என்பதும் உண்மை, மக்களுக்குக் கிடைத்ததும் குறைந்தது என்பதும் உண்மை. எதிர்ப்பு கிளம்பி சில மாதங்களில் நிறுத்திவிட்டார்கள். உங்கள் ஆய்வேட்டுக்கு ஒரு அத்தியாயம் இதிலேயே இருக்கிறது.

கணக்கு_பார்ப்பவன்:

மேலே சொன்னது ஒரு பக்கம். போலி அட்டை என்ற ஒன்று இருக்கவே இல்லை என்பது மாதிரி எழுதாதீர்கள். கணினிமயமாக்கியதால் 5.8 கோடி போலி அட்டைகள் நீக்கப்பட்டதாக 2024இல் மத்திய அரசே சொன்னது. ஒரே வீட்டில் மூன்று அட்டை, செத்துப்போனவர் பேரில் அரிசி, இதெல்லாம் நம் ஊரிலும் பார்த்ததுதானே. அதுவும் வரிப்பணம்தான்.

களப்பணியாளன்:

இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 'போலி' என்று எண்ணியதில் எதெல்லாம் சேர்ந்தது என்று பார்க்க வேண்டும். கல்யாணமாகிப் போனவர், ஊர் மாறியவர், ஆதார் எண்ணைக் கொடுக்காதவர் எல்லோரையும் ஒரே கூடையில் போட்டால் எண்ணிக்கை பெரிதாகத்தான் வரும். ஜார்க்கண்டில் ரத்தான அட்டைகளில் ஒரு மாதிரியை எடுத்துக்கொண்டு அதே முரளிதரன் குழு வீடு தேடிப் போனபோது, பெரும்பகுதி நிஜமான குடும்பங்களுடைய அட்டைகளாக இருந்தன. சிம்டேகா மாவட்டத்தில் 2017 செப்டம்பரில் பதினோரு வயதுச் சிறுமி இறந்தது நினைவிருக்கும், ஆதார் இணைக்காததால் அட்டை போய் மாதக்கணக்கில் ரேஷன் இல்லை, பட்டினி என்றது குடும்பம், மலேரியா என்றது அரசு. அதற்கடுத்த மாதம்தான், ஆதார் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக யார் பெயரையும் நீக்கக் கூடாது என்று டெல்லியிலிருந்து சுற்றறிக்கை போனது. 2017 பிப்ரவரியில் ஆதாரைக் கட்டாயமாக்கி அறிவிக்கை போட்டவர்களும் அவர்களேதான்.

ஓய்வு_பெற்ற_விற்பனையாளர்:

தங்கச்சி, கடைக்கு உள்ளே நின்றவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். எல்லோரும் கடையையும் அட்டையையும்தான் பார்க்கிறார்கள், குடோனை யாரும் பார்ப்பதில்லை. ஐம்பது கிலோ மூட்டை என்று வரும், இறக்கி எடை போட்டால் சில சமயம் ஒரு கிலோ குறையும், சில சமயம் அதற்கு மேலும் குறையும், சாக்கு எடை வேறு, சிந்துவது வேறு, இறக்குகூலி வேறு. ஆனால் என் கணக்கில் ஐம்பது என்றே ஏறிவிடும். குறைந்ததை நான் எங்கே போய் ஈடுகட்டுவேன்? பருப்பில் கொஞ்சம், சர்க்கரையில் கொஞ்சம் என்று தராசில்தான் போய் முடியும். நியாயம் என்று சொல்லவில்லை, நடப்பதைச் சொல்கிறேன். இப்போது கடைத் தராசையும் பிஓஎஸ் மெஷினையும் ப்ளூடூத்தில் இணைத்து, சரியான எடை வந்தால்தான் பில் வரும் என்று செய்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு நல்லது. குடோனிலும் அதே மாதிரி எடை போட்டுக் கொடுத்தால் எங்களுக்கும் நல்லது. நீங்கள் எந்த மாநிலத்துக்குப் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, எடை எந்த இடத்தில் பதிவாகிறது, குறைந்தால் அது யார் தலையில் விழுகிறது.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோது அட்டையை ஸ்கேன் செய்தால் போதும், பேரன் வந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர் வந்தாலும் கொடுத்துவிடுவோம். 2020 அக்டோபரில் விரல் ரேகை வந்தபிறகு அட்டையில் பெயர் உள்ளவர்தான் வர வேண்டும். வயதானவர்களுக்கு, வயல்வேலை செய்கிற பெண்களுக்கு ரேகை விழாது. நாலு தடவை துடைத்து துடைத்து வைப்பார்கள், பின்னால் வரிசை முணுமுணுக்கும். வர முடியாதவர்கள் வேறொருவரை நியமிக்கப் படிவம் உண்டு, அது உண்டு என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. 2025 ஆகஸ்டில் எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கத் தொடங்கினார்கள், தாயுமானவர் திட்டம். என்னைக் கேட்டால் மெஷினைவிட அதுதான் பெரிய மாற்றம்.

வாங்காத பொருளுக்கு எஸ்எம்எஸ் வருகிற கதையை நான் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும் :)

வில்லியனூர்_வாசி:

புதுச்சேரியை ஏன் விட்டுவிட்டீர்கள்? எங்களிடம் மெஷினும் வேண்டாம் கடையும் வேண்டாம் என்று பணத்தையே வங்கியில் போட்டார்கள். 2015இல் சண்டிகரோடு சேர்த்து எங்களை வைத்துத்தான் சோதனை. நீதி ஆயோக்குக்காக அதைக் கண்காணித்ததும் மேலே சொன்ன அதே முரளிதரன் குழு. அரசுப் பதிவேட்டில் பரிமாற்றம் ஏறக்குறைய முழு வெற்றி, வீட்டில் போய்க் கேட்டால் பணம் வரவில்லை என்றவர்கள் கணிசமானவர்கள். எந்தக் கணக்கில் போய் விழுந்தது என்றே தெரியாதவர்கள் அதில் உண்டு, ஏனென்றால் பணம் ஆதாரோடு கடைசியாக இணைத்த கணக்குக்குப் போகும், நாம் பாஸ்புக் வைத்திருக்கும் கணக்குக்கு அல்ல. பிறகு அரிசியா பணமா என்று முதலமைச்சர் நாராயணசாமிக்கும் துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் பெரிய சண்டையே நடந்தது. கடைகள் பூட்டிக் கிடந்து, ஊழியர்கள் சம்பளத்துக்குப் போராடி, ஒரு வழியாக 2024 தீபாவளியை ஒட்டித்தான் மறுபடி திறந்தார்கள்.

ஜார்க்கண்டிலும் நக்ரி வட்டாரத்தில் 2017 அக்டோபரில் இதே மாதிரி ஒன்று செய்தார்கள். வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து, அதைக் கொண்டுபோய் அதே ரேஷன் கடையில் கிலோ 32 ரூபாய்க்கு அரிசி வாங்க வேண்டும்! மக்கள் ராஞ்சிக்கு நடந்தே போய் எதிர்த்தார்கள், 2018இல் கைவிடப்பட்டது.

ஓஹாயோ_தமிழ்:

நான் இருப்பது அமெரிக்காவில், இங்கே கவுன்டி அலுவலகங்களோடு வேலை. இங்கே ஏழைகள் உணவு வாங்க அரசு தரும் உதவிக்கு ஸ்னாப் என்று பெயர், பழைய ஃபுட் ஸ்டாம்ப்தான். கடை எல்லாம் தனியார் சூப்பர்மார்க்கெட், அதில் சண்டை இல்லை. மாநிலங்கள் நவீனப்படுத்தியது விண்ணப்பம் வாங்கும் பக்கத்தை. இந்தியானா கதையைத் தேடிப் படியுங்கள். 2006இல் ஐபிஎம் தலைமையிலான குழுவோடு 130 கோடி டாலருக்கு மேல் பத்து வருட ஒப்பந்தம். குடும்பத்தைத் தெரிந்த அலுவலருக்குப் பதில் கால் சென்டர், தாளை ஃபேக்ஸ் பண்ணு, ஆன்லைனில் போடு. ஃபேக்ஸ் தொலைந்தாலும், அழைப்பை எடுக்கத் தவறினாலும் 'ஒத்துழைக்கவில்லை' என்று சொல்லி நிராகரிப்பு. மிட்ச் டேனியல்ஸ் என்ற அதே கவர்னரே 2009இல் ரத்து செய்தார், வழக்கு அதற்குப் பிறகு பத்து வருடம் ஓடியது.

உங்களுக்கு இதிலிருந்து எடுக்க ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே மத்திய அரசு மாநிலங்களை 'பிழை விகிதம்' என்ற எண்ணால் மதிப்பிடுகிறது. வாங்கிக்கொண்டிருப்பவருக்கு அதிகமாகவோ குறைவாகவோ கொடுத்துவிட்டால் அது அந்த எண்ணில் ஏறும். தகுதி இருந்தும் தவறாகத் துரத்திவிட்டால் ஏறாது, அதற்கு வேறொரு எண் உண்டு, அபராதம் கிடையாது. 2025 ஜூலையில் வந்த சட்டப்படி 2028 நிதியாண்டிலிருந்து பிழை விகிதம் ஆறு சதவீதத்தைத் தொட்டால் மாநிலமும் உதவித் தொகையில் பங்கு போட வேண்டும், அதிகபட்சம் 15 சதவீதம். இப்படி ஒரு விதி இருந்தால் எந்த மாநிலம் எந்தப் பக்கம் தவறு செய்யும் என்று நீங்களே யூகிக்கலாம். உங்கள் மூன்று மாநிலங்களிலும் அதிகாரிக்கு மெமோ எதற்கு வருகிறது என்று பாருங்கள். ஆதார் ஏறாத அட்டைக்கு வருகிறதா, அரிசி கிடைக்காத வீட்டுக்கு வருகிறதா?

எம்ஏ_கடைசி_வருடம்:

எல்லோருக்கும் நன்றி. விற்பனையாளர் ஐயா, குடோன் விஷயம் நான் எந்தக் கட்டுரையிலும் பார்க்காதது. தமிழ்நாட்டை விட்டுவிட்டு, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் இரண்டையும் வரிசை என்ற கோணத்தில் எடுக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அரிசி கிடைக்காதவர்களை எப்படி எண்ணுவது? கிடைத்தவர்கள்தானே மெஷினில் பதிவாகிறார்கள்.

களப்பணியாளன்:

தமிழ்நாட்டை விடாதீர்கள். அட்டை கேட்டவர் எல்லோருக்கும் உண்டு என்ற மாநிலத்தில் 'யார் தகுதியானவர்' என்ற சண்டையே குறைவு, கைரேகை அங்கே எதைத் தடுக்க வந்தது என்பதே நல்ல கேள்வி. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும் அவர்கள் அந்த முறையை விடவில்லை.

எண்ணுவது இப்படி. ஒரு கடையின் அட்டைப் பட்டியலை எடுங்கள், அதே கடையின் மாதாந்திரப் பரிவர்த்தனையை எடுங்கள், பல மாநிலங்கள் இரண்டையும் இணையத்தில் போடுகின்றன. பட்டியலில் இருந்தும் தொடர்ந்து மூன்று மாதம் வாங்காத அட்டைகளைத் தனியே எழுதிக்கொண்டு அந்த வீடுகளுக்குப் போங்கள். வேலைக்கு வெளியூர் போயிருப்பார்கள், அல்லது ரேகை விழுந்திருக்காது, அல்லது கடையில் ஸ்டாக் இல்லை என்று திருப்பி அனுப்பியிருப்பார்கள். மூன்றும் வேறு வேறு, கலக்காதீர்கள். நீக்கப்பட்ட அட்டைகளின் பழைய பட்டியல் கிடைத்தால் அதையும் இதே மாதிரி. வாங்கியதாகப் பதிவான வீடுகளிலும் சிலவற்றுக்குப் போய் எவ்வளவு கிடைத்தது என்று கேளுங்கள், இல்லையென்றால் அந்த 32 கிலோ மறைந்துவிடும். சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி தானியம் கொடுக்காவிட்டால் அதற்குப் பதில் உணவுப் பாதுகாப்புப் படி என்று பணம் தர வேண்டும், அப்படி யாருக்காவது வந்ததா என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட்டலில் எடுத்த பெயர், அட்டை எண் எதையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அப்படியே போட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் போக வேண்டாம், ஜார்க்கண்டில் சிம்டேகா, லாத்தேஹார் பக்கம் பாதி ஊருக்கு வண்டி போகாது.